சில்லைக்குருவிக்கு மாப்பிள்ளை முகம்

சிங்கப்பூரில் என்னிடம் படம் பிடித்துக்கொண்ட ஆண்களில் ஒருவன்கூடக் கறுப்பில்லை. அம்மைத் தழும்பு உள்ளவன் இல்லை, முன்பல் உடைந்தவன் இல்லை, காது மடல் கிழிந்தவன் இல்லை. செராங்கூன் ரோட்டில் என் ஸ்டூடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் படங்களைப் பார்க்கிற வெள்ளைக்காரன், இந்தத் தமிழர்கள் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைத்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவ்வளவும் என் கைவண்ணம்.

என் பெயர் யாக்கூப். நாகூரில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே வாப்பாவோடு கப்பலேறி வந்தவன். வாப்பா என்னைக் கைலி வியாபாரத்தில் உட்காரவைத்தார். எனக்குத் துணியை மடிக்க வரவில்லை, கணக்கும் வரவில்லை. ‘எதற்கும் உதவாதவன் இருட்டறைக்காவது உதவட்டும்’ என்று ஒரு சீனரின் ஸ்டூடியோவில் கண்ணாடித் தகடு கழுவ அனுப்பிவைத்தார். கழுவக் கழுவத் தகட்டின் மேல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அந்தத் தகட்டில் எல்லாம் தலைகீழ். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். அதன்மேல் மெல்லிய பென்சிலால் தொட்டால், தொட்ட இடம் படத்தில் வெளுக்கும். சின்னக் கத்தியால் சுரண்டினால், அந்த இடம் கறுக்கும். பென்சில் வேலை பிடிக்கவில்லையென்றால் டர்ப்பன்டைன் தொட்டுத் துடைத்துவிடலாம். கத்தி வேலையை அழிக்க ஆண்டவன்தான் வரவேண்டும்.

இதை வைத்துத்தான் என் பிழைப்பு. இங்கே இருக்கும் மாப்பிள்ளையின் படம் நாகூருக்கும் காரைக்காலுக்கும் போய், அங்கே பெண் வீட்டார் பார்த்துத் தலையசைக்க வேண்டும். கன்னத்துப் பருவைப் பென்சிலால் மூடுவேன், நிறத்தை இரண்டு படி ஏற்றுவேன், உதட்டோரத்தைக் கத்தியால் ஒழுங்குபண்ணுவேன். ‘மாப்பிள்ளை முகம் வேணும் பாய்’ என்றே கேட்டு வருவார்கள். கேட்காதவனுக்கும் செய்துகொடுப்பேன்.

என் கல்யாணத்துக்கு என் படத்தை நானே திருத்தினேன். அதில் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொண்டுவிட்டேன். நிக்காஹ் முடிந்து தனியாக விட்டபோது ருக்கையா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதன்முதலாகச் சொன்ன வார்த்தை இது:

“படத்துல இருந்தவரு எப்ப வருவாரு மச்சான்?”

அன்றைக்கே நான் திருந்தியிருக்க வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எங்களுக்குச் சுடுகாடு கிடையாது. அதனால் என் பழக்கம் எதுவரை போகும் என்று எனக்கே தெரியாது.

மேலே ஸ்டூடியோ, கீழே வீடு. வீட்டின் பின்கட்டில் குளிக்கிற தளம், ஒரு பப்பாளி மரம், இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அப்பால் எருமைக் கொட்டகைகளும் லாலான் புல் மண்டிய வெளியும். அந்தப் புல்வெளியிலிருந்து சில்லைக்குருவிகள் கூட்டமாக வந்து சுவரில் உட்காரும். ருக்கையா காலையில் அரிசி புடைத்ததும் நொய்யைச் சுவர்மேல் தூவுவாள். மகள் கதீஜாவைப் பினாங்கில் கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்கு வீட்டில் பேச்சுத்துணை என்றால் அந்தக் குருவிகள்தான். நானும் இருந்தேன். என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“மூணு சாதி வருது மச்சான்” என்பாள். “நெஞ்சுல செதில் செதிலாப் புள்ளி வச்சது ஒண்ணு. தலை மட்டும் கறுப்பா உள்ளது ஒண்ணு. தலை வெள்ளையா உள்ளது ஒண்ணு.” வெள்ளைத் தலைக்காரனை, பலகாரம் விற்க வரும் மலாய்க்காரி ‘பீப்பிட் ஊபான்’ என்பாளாம், நரைத்தலைச் சில்லை என்று அர்த்தம்.

“எல்லாம் ஒரே குருவிதான் புள்ளே. வெயில்ல நின்னது கறுத்துப்போச்சு, நிழல்ல நின்னது வெளுத்துப்போச்சு” என்பேன். முகம் பார்த்துப் பிழைக்கிறவனின் கண் லட்சணம் அப்படி.

மின்சார டிராம் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ஒரு காலையில் குளிக்கிற தளத்துப் பாசியில் வழுக்கி விழுந்தாள் ருக்கையா. இடது கால், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வடிவேலு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பக்கத்தில் எருமை வைத்துப் பால் கறக்கிற முத்தாயி வந்து பார்த்துக்கொண்டாள். சோறு ஊட்டினாள், தலை வாரினாள், என்னையும் இடையிடையே வைதாள். நான் வாசற்படியில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அதுதான் என் பங்கு.

நாள் ஆனது. கட்டைப் பிரித்த வைத்தியர் காலை அமுக்கிப் பார்த்தார்.

“எலும்பு நல்லாக் கூடிருச்சு பாய். இனிமே என் கையில ஒண்ணுமில்ல. அவங்க காலை ஊன்றணும். படுத்தே கிடந்தா முட்டி இறுகிப்போயிரும். இறுகிட்டா அப்புறம் காலத்துக்கும் தூக்கித்தான் வைக்கணும்.”

ருக்கையா ஒரே ஒரு தடவை காலைத் தரையில் வைத்தாள். வலித்தது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. பாசித் தளம் கண்ணுக்குள் வந்தது என்றாள். திரும்பப் படுத்தவள்தான். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் படுத்திருந்த நடு அறைக்கு ஜன்னல் இல்லை. இனி இவள் இந்த இருட்டிலேயே இருந்துவிடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். “என் குஞ்சு வருதா மச்சான்?”

அது ஒரு கதை. அவள் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், முத்தாயியின் பூனை ஒரு சில்லைக்குஞ்சைக் கவ்விக்கொண்டு வந்தது. ருக்கையா விளக்குமாற்றோடு பாய்ந்து அதை மீட்டாள். உடம்பில் காயமில்லை. அலகின் மேல் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. கஞ்சியை விரல்நுனியில் தொட்டு ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்டாள். குஞ்சாக இருக்கையில் மூன்று சாதியும் ஒரே மாதிரி புளியங்கொட்டை நிறமாக இருக்குமாம். வளர்ந்த பிறகுதான் புள்ளியா, கருந்தலையா, நரைத்தலையா என்று தெரியுமாம். உயிரோடு இருக்கிறதா, இருந்தால் எந்தச் சாதியாக வளர்ந்தது? இதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

நான் போய்ப் பார்த்தேன். சுவரில் ஒரு கூட்டம் நொய் கொத்திக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் குருவியாகத் தெரிந்தன.

அப்போதுதான் அந்த மகா யோசனை வந்தது. நான் போட்டோக்காரன். குருவிகளைப் படம் பிடித்து அவள் கையில் கொடுத்தால் அவளே அடையாளம் கண்டுகொள்வாள், மனம் தெளிவாள், எழுந்து நடப்பாள். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

பெரிய மரக் கேமராவை அடுப்படி வாசலில் மூன்று கால் தாங்கியில் நிறுத்தினேன். மனிதர்களுக்குத் தலை அசையாமலிருக்கப் பின்னால் முட்டுக்கொடுக்கும் இரும்புக் கவை இருக்கிறது. குருவி அளவில் அது செய்வதில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, வருஷக்கணக்கான பழக்கத்தில், “அசையாதீங்க, அப்படியே இருங்க” என்று உரக்கச் சொன்னேன். அத்தனையும் பறந்துவிட்டன.

முத்தாயி எருமைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள்: “ஏன் பாய், தலையை மூடிக்கிட்டா குருவிக்கு உங்க தொப்பை தெரியாதுன்னு நெனப்பா?”

பிறகு கேமராவின் கண்ணைத் திறந்து மூடும் ரப்பர்ப் பந்துக்கு நீளக் குழாய் மாட்டி, அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை அமுக்கக் கற்றுக்கொண்டேன். முதல் தகடுகளில் சுவர் நன்றாக விழுந்தது. ஒன்றில் ஒரு வால் இருந்தது. இன்னொன்றில் முத்தாயியின் எருமை, பெண் வீட்டாருக்கு அனுப்பும்படி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. விடாமல் உட்கார்ந்ததில், நல்ல வெயிலில் சில தகடுகள் தேறின. வரிசையாகக் குருவிகள், பக்கவாட்டில் முகம், கூர்மையாக.

அவற்றை ஸ்டூடியோ ஜன்னலோரம் வைத்து வேலை பார்த்தேன். படத்தை வெயிலில் பதித்து எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கியபோது என் நடையைப் பார்த்திருக்க வேண்டும். முத்தாயி விளக்கை அருகில் பிடித்தாள். ருக்கையா ஒருக்களித்து, படத்தை விளக்கோரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“இவங்கல்லாம் யாரு மச்சான்?”

“உன் குருவிங்கதான் புள்ளே.”

“புள்ளிக்காரிக்குப் புள்ளி எங்கே? கருந்தலையே ஒண்ணையும் காணோமே. எல்லாம் நெஞ்சு வெளுத்து, முகம் வெளுத்து, மூக்கும் முழியுமா…” படத்தைக் கீழே வைத்தாள். “அட அல்லாவே! குருவிக்கும் மாப்பிள்ளை முகம் போட்டுட்டீங்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நினைத்துச் செய்யவில்லை. ஜன்னலோரம் தகட்டோடு உட்கார்ந்ததும் கை தன்பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. நெஞ்சில் கறுப்பாகச் செதில் இருந்தால் என் கைக்கு அது தேமல். பென்சிலால் மூடிவிட்டது. தலை கறுத்திருந்தால் மாப்பிள்ளைக்கு நிறம் போதாது. அதையும் வெளுத்துவிட்டது. அப்படிக் கருந்தலைச் சில்லையெல்லாம் என் தயவில் நரைத்தலைச் சில்லையாகிவிட்டன. மூன்று சாதி இல்லை, ஒரே சாதி என்று நான் சொன்னதைப் பென்சிலால் நிரூபித்தும் விட்டேன்.

“அழகா இருக்குல்ல?” என்று வேறு கேட்டேன். முத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

டர்ப்பன்டைன் இருக்கிறது என்ற தைரியத்தில் மாடிக்கு ஓடினேன். பஞ்சில் நனைத்துத் துடைக்கத் துடைக்கப் புள்ளிகள் திரும்பி வந்தன, கறுத்த தலைகள் திரும்பி வந்தன. வாழ்க்கையில் முதன்முறையாக, தேமல் தெரியத் தெரிய எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்து அலகு அலகாகப் பார்க்க ஆரம்பித்தேன். கை நின்றுவிட்டது.

அலகுகளில் கத்தித் தடம் இருந்தது.

புல் விதை கொத்துகிற குருவியின் அலகோரத்தில் உமி ஒட்டியிருக்கும், கீறலாகத் தெரியும். உடைந்த முன்பல்லைச் சரிபண்ணுகிற மாதிரி என் கை அலகுகளையெல்லாம் கத்தியால் சுரண்டி நேராக்கியிருக்கிறது. எது உமி, எது வெட்டு என்று இனி யாரும் சொல்ல முடியாது. ருக்கையாவின் குஞ்சு அந்தச் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கலாம், என் கேமராவுக்குப் பக்கவாட்டில் முகத்தைக் காட்டியிருக்கலாம். அதன் அலகில் இருந்த வெட்டை என் கத்தி ஆற்றிவிட்டது. என்னை யாராவது செருப்பால் அடித்தால் தேவலை என்றிருந்தது.

மறுபடி எடுக்கலாமென்றால் மழை பிடித்துக்கொண்டது. வடகிழக்கு மழை, வானம் வெளுக்கவேயில்லை. வெளிச்சம் இல்லாமல் தகட்டில் ஒன்றும் விழாது, குருவிகளும் வரவில்லை. துடைத்த தகடுகளிலிருந்து மழைக்கு முன்பே பதித்து வைத்திருந்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். ருக்கையா புள்ளிகளைப் பார்த்தாள், தலைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு அலகையும் நகநுனியால் தொட்டுப் பார்த்தாள்.

“இல்ல” என்றாள். “பூனை மறுபடியும் பிடிச்சிருக்கும்.”

கத்தி விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதன் பிறகு அவள் பேச்சைக் குறைத்தாள், சோற்றையும் ஆணத்தையும் தொட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். வைத்தியர் வந்து முட்டியை மடக்கினார். பாதி மடங்கியது, அதற்குமேல் போகவில்லை. வெளியே வந்து குடையை விரித்தபடி என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். “இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டா, அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க பாய். வந்து பாத்துட்டுப் போறதுக்கு எனக்கு மனசு கேக்காது.”

நான் மாடிக்குப் போனேன். கெட்டுப்போன வேலையைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வழிதான். ஒரு தகட்டை எடுத்தேன். கத்தித் தடம் இருந்த குருவிகளில், நல்ல கம்பீரமாக, பக்கவாட்டில் தெளிவாக நின்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அலகின் மேல் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு தொடல். படத்தில் அது அச்சாக வெட்டு மாதிரியே விழுந்தது. என் தொழிலில் அவ்வளவு சுத்தமான வேலை நான் செய்ததில்லை. வடு ஒன்றை உண்டாக்கியதும் அதுதான் முதல்முறை. பொய் சொல்கிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் எழுந்து நிற்கட்டும், எனக்கு வேண்டிய தண்டனையைப் பிறகு கொடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியமே மழை வெறித்து, படம் பதிக்க நல்ல வெயில் அடித்திருந்தது. பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து படத்தை நீட்டினேன்.

“முன்னாடி கவனிக்கல புள்ளே. இந்தத் தகட்டுல இருக்கு பாரு.”

ருக்கையா முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். அவள் விரல் நேராக அந்த அலகுக்குப் போனது. முகம் மலர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு விரல் அலகிலிருந்து மேலே நகர்ந்தது.

“இது நரைத்தலைல்ல?”

“ஆமா! நரைத்தலையாத்தான் வளந்திருக்கு. பாரு, எவ்வளவு வெள்ளை! கூட்டத்துலயே இதுதான் அழகு.”

“மச்சான்.”

“என்ன புள்ளே?”

“என் குஞ்சு பொறந்து ஆறு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள அதுக்குத் தலை நரைச்சிருச்சா?”

படத்தை நானும் ஒருதடவை குனிந்து பார்த்தேன். வயதாக ஆகத்தான் அந்தச் சாதிக்குத் தலை பஞ்சாக வெளுக்குமாம். இளசுக்கு மங்கலாகத்தான் இருக்குமாம். நானோ, இருந்ததிலேயே முகம் வெளுத்ததாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேன். அவள் குழந்தை என்று ஒரு கிழவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

“பென்சிலா?” என்றாள்.

தலையசைத்தேன். அதற்குப் பிறகு எல்லாம் தானாகக் கொட்டியது. கத்தித் தடம், உமி, அலகை நேராக்கியது, அது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியாது. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. “நீ எழுந்திரிக்கணும்னுதான் செஞ்சேன் புள்ளே. எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியல” என்றேன்.

முத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ருக்கையா எழுந்து உட்கார்ந்தாள். படத்தை என் மடியில் எறிந்தாள்.

“தெரியாமப்போச்சு, உங்க கையில என் குஞ்ச ஒப்படைச்சேன் பாருங்க! இன்னும் ஒரு மாசம் விட்டா அதுக்குத் தாடியும் தொப்பியும் போட்டுக் காரைக்காலுக்கு அனுப்பிருவீங்க!” மூச்சு வாங்கியது. “தள்ளுங்க. நானே போய்ப் பாத்துக்கிறேன். ஏ முத்தாயி, இந்தப் பக்கம் பிடி!”

கோபத்தில் அவள் காலைக் கீழே வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் வைத்தது அவளுக்கே தெரிந்தது. “யா அல்லா” என்று பல்லைக் கடித்தாள். ஒரு கையால் முத்தாயியின் தோளையும் இன்னொரு கையால் என் சட்டைக் கழுத்தையும் பிடித்துக்கொண்டாள். என் கழுத்து இறுகியது. நான் மூச்சே விடவில்லை, எங்கே விட்டால் திரும்பி உட்கார்ந்துவிடுவாளோ என்று. நடு அறையைத் தாண்டினோம், அடுப்படியைத் தாண்டினோம். பாசித் தளம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

“தேய்ச்சுக் கழுவி வச்சிருக்கேன்லா, பயப்படாம வாங்க” என்றாள் முத்தாயி. நான் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து குருவிக்குக் குறிபார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவள் தளத்தைத் தேங்காய்மட்டையால் தேய்த்திருக்கிறாள். எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

மழைக்குப் பிறகு வெயில் கண்ட சந்தோஷத்தில் சுவர் நிறையக் குருவிகள். ருக்கையா பப்பாளி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசைய ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகத்தில் வேர்வை வழிந்தது, கால் வெடவெடவென்று ஆடியது. உட்காரச் சொல்லி முத்தாயி முக்காலியை நகர்த்தினாள். உட்காரவில்லை.

“இருக்கா?” என்று கேட்டேன்.

அவள் சுவரின் கடைசிக் குருவிவரை பார்த்து முடித்தாள். பிறகு, “இன்னைக்கு வரல” என்றாள். “நாளைக்குக் காலையில, நொய் போடுற நேரத்துக்கு வந்து பாக்கணும். நாளைக்கும் வரலைன்னா மறுநாள் பாக்கணும். என்னை எழுப்பிவிட மறந்துடாதீங்க.”

சரி என்றேன். பொழுது சாய்ந்து மக்ரிபுக்கு டன்லப் தெருப் பள்ளிவாசலில் தொழுது முடித்துக் கையேந்தியபோது, என்ன கேட்பது என்று எனக்கு ஒரே குழப்பம். யா அல்லாஹ், அந்தக் குருவி எங்கே இருந்தாலும் உயிரோடு இருக்கட்டும், பூனை கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று கேட்டேன். அதோடு எழுந்திருக்க மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்காதபடி இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன்: அவசரமில்லை, அது மெதுவாகவே வரட்டும்.